சிவப்புக் கோட்டுக்கு மேலும் கீழும்: ஹாவ்ரன் கோட்டைக் காப்பாளருக்கு

ஹாவ்ரன் மலைமேல், கோட்டை வாயிலறையில் இருக்கும் பெருமதிப்பிற்குரிய வெண்டெலின் க்ருபா ஐயா அவர்களுக்கு,

தங்கள் பணிநிறைவு விழாவுக்குத் தாங்கள் வரவில்லை. ஆகவே யார் யார் வந்திருந்தார்கள், எங்கெங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் முறையாகச் சொல்லிவிடுகிறோம்.

இடம், நம் லெஹோட்கா ஊரின் மதுக்கடைப் பின்கூடம். கணப்பை ஒட்டிப் போட்ட நீள மேசையின் தலைப்பக்கம் தங்கள் நாற்காலி. மலையிலிருந்து நனைந்து வருவீர்கள் என்று பொஹுமிலா அதன் முதுகில் தன் கம்பளிச் சால்வையைப் போட்டு வைத்திருந்தார். அதற்கு வலப்பக்கம் வட்டார அருங்காட்சியக இயக்குநர் மோக்ரா அம்மையார், கோட்டைச் சாவியை வாங்கிக்கொள்வதற்காகக் கொண்டுவந்த சிறிய பெட்டியை மடியில் வைத்தபடி. இடப்பக்கம் நுழைவுச்சீட்டு கொடுக்கும் பொஹுமிலா. அவருக்கு அடுத்து வழிகாட்டி ஒட்டிலியா, முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு. கட்டுக்குக் காரணம் பின்னால் வரும். கொத்தனார் சிரில் நாற்காலி வேண்டாம் என்று சுவரில் சாய்ந்து நின்றார். கடைக்காரர் காஷ்பர் வாசலருகே ஒரு பீப்பாயின்மேல். கோடைதோறும் கல் தூக்க வந்த தன்னார்வலர்களுக்கு எழுதியிருந்தோம். ஒருவரும் வரவில்லை. ஒரு பூமாலை மட்டும் அனுப்பியிருந்தார்கள்.

முட்டைக்கோஸ் சூப் ஆறிக்கொண்டிருந்தது. இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"வருவாரா மாட்டாரா? இருட்டினா இந்த மலைப்பாதையில என்னால வண்டி ஓட்ட முடியாது."

"வருவாருங்க. இருபத்தொன்பது வருஷத்துல ஒரு நாள்கூட லேட்டா வந்ததில்ல," என்றார் பொஹுமிலா.

"இன்னைக்கு லேட்டாயிட்டாரே."

"இது லேட்டே இல்லம்மா," என்றார் காஷ்பர். "அவர் கோட்டைக்காரர். அவருக்கு நானூறு வருஷமே நேத்து மாதிரி."

சிரித்தோம். பிறகு எல்லோரும் சேர்ந்தாற்போல நிறுத்திக்கொண்டோம். சூப்பை மறுபடி அடுப்பில் ஏற்றச் சொல்லிவிட்டு, ஒட்டிலியா எழுந்து, சட்டம் போட்ட பாராட்டு மடலைக் கையில் எடுத்து, தங்கள் நாற்காலியைப் பார்த்து வாசித்தார். வாசித்தது இது:

காரை படிந்த கையும் காலம் படித்த கண்ணும் கொண்ட காவலரே! சரிந்த மதிலுக்குச் சலியாத தோள் கொடுத்த சான்றோரே! கல்லைக் கதையாக்காமல் கதையைக் கல்லோடு ஒட்டிப் பார்த்த கண்ணியரே! வணக்கம்!

தாங்கள் வந்த நாளில் ஹாவ்ரன் ஒரு கோட்டையாக இல்லை. ஆடு ஏறும் மேடாக, புதரும் முள்ளும் அடைத்த பள்ளமாக, ஊர்க் குப்பை உருண்டு விழும் கிணறாக இருந்தது. முள்ளை வெட்டினீர்கள், முற்றம் தெரிந்தது. மண்ணை அள்ளினீர்கள், படிக்கட்டு தெரிந்தது. வாய்மூடிக் கிடந்த கிணற்றை வாளி வாளியாகத் தோண்டினீர்கள், வானம் அதில் தெரிந்தது! இருபத்தொன்பது ஆண்டுகள், ஏறிய கால் இறங்குமுன் அடுத்த வேலையை எண்ணிய தங்கள் உழைப்பை எந்த நாவால் உரைப்போம்!

ஹாவ்ரனின் வரலாற்றை எங்களுக்குத் தந்தவர் தாங்கள். மங்கோலியத் தார்த்தாரியர் படை வந்து போன பிறகு, வெந்த நாட்டில் வேலி தேடிய ஒரு பிரபு இம்மலைமேல் மதில் எழுப்பினான். அவன் மகன் அதை அடகு வைத்தான், பேரன் மீட்டான், பேரனின் விதவை மேற்கு பார்த்த மேலைச்சுவரில் அந்தப் பெரிய சன்னலை வைத்தாள். கீழே லெஹோட்காவில் பொழுது சாய்வதை அச்சன்னலில் விழும் வெளிச்சத்தை வைத்தே நூற்றாண்டுகளாக அறிந்தோம். துருக்கியர் இந்த மலை ஏறவே இல்லை. எந்தப் பீரங்கியும் இதைச் சுடவில்லை. கூரைக்கு வரி என்று அரசாணை வந்தபோது, வரி கட்ட மனமில்லாத கடைசிச் சொந்தக்காரன் கூரையைப் பிரித்தான். மழை இறங்கியது. பிறகு ஊர் ஏறியது. தலைமுறை தலைமுறையாகக் கல்லைப் பெயர்த்து வண்டி வண்டியாக இறக்கியது. ஹாவ்ரனைக் கொன்றது பகை அன்று, சிக்கனம் என்று சொன்னவர் தாங்கள்!

அதைச் சொல்லத் தாங்கள் என்றுமே தயங்கியதில்லை. தலைநகரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தலைவர் முற்றத்தில் நின்று கேட்டது எங்களுக்கு நினைவிருக்கிறது.

"துருக்கிக்காரன்தானே இடிச்சான்?"

"இல்லீங்க. வரி கட்டப் பயந்து ஓனரே பிரிச்சுப் போட்டான்."

"என்னங்க இது, பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்திருக்கேன்! பேயாவது இருக்கா?"

"இருந்துச்சுங்க. கூரை போனதும் குளிர் தாங்காம அதுவும் போயிடுச்சு."

அவர் சீட்டுக் காசைத் திருப்பிக் கேட்டார். பொஹுமிலா கொடுக்கவில்லை!

பழையதைப் பழையதாகவும் புதியதைப் புதியதாகவும் வைத்த பண்பாளரே! இடிந்த சுவரின் தலையில் புதுக்கல் ஏற்றும்போதெல்லாம் இரண்டுக்கும் நடுவே செவ்வோட்டுச் சில்லுகளை ஒரு வரிசை பதிக்கச் சொன்னீர்கள். அந்தச் சிவப்புக் கோட்டுக்குக் கீழே உள்ளது அவர்கள் வைத்தது. மேலே உள்ளது நாம் வைத்தது. கோடு இல்லாமல் ஒரு முழம்கூடக் கட்ட விட்டதில்லை. ஒருமுறை சிரில் கேட்டார்:

"கோடு தெரியாம கட்டினா இன்னும் அழகா இருக்குமே ஐயா?"

"அழகாத்தான் இருக்கும்டா. ஆனா பொய் எங்க தொடங்குதுன்னு அப்புறம் யாருக்கும் தெரியாது."

அந்த நேர்மையின் உச்சமாக ஒன்றைச் சொல்லி இம்மடலை நிறைவு செய்வோம். மேலைச்சுவர் வெளிப்பக்கமாகச் சாயத் தொடங்கிய ஆண்டில், மேலிடத்திலிருந்து ஒரு பொறியாளர் வரைபடத்துடன் வந்தார்.

"ஐயா, வெளிப்பக்கம் கல்லுல ஒரு முட்டுச்சுவர் கட்டிடலாம். அனுமதி ரெடி. உங்க காலத்துக்கும் நிக்கும், உங்க பேரன் காலத்துக்கும் நிக்கும்."

"அங்க முட்டு இருந்ததுன்னு ஒரு அடையாளம் காட்டுங்க. நானே கல்லு சுமக்கறேன்."

"இல்லேன்னா?"

"இல்லேன்னா அது கோட்டை இல்லீங்க, நாடகத்துக்குப் போட்ட செட்டு."

தாங்கள் தேடாமல் மறுக்கவில்லை. பழைய படங்களைப் பார்த்தீர்கள், பட்டயங்களைப் பார்த்தீர்கள், சுவரின் முகத்தை ஏணி வைத்துத் தடவிப் பார்த்தீர்கள். சுவரின் அடி மட்டும் ஆள் உயரத்துக்கு இடிபாட்டில் புதைந்திருந்தது. அதைத் தோண்டினால் சுவரே வந்துவிடும் என்பதால் தோண்டவில்லை. அடையாளம் இல்லை என்றீர்கள். கல்லுக்குப் பதில் மரமுட்டு கொடுத்தோம், மரம் இற்றது, மறுபடி கொடுத்தோம். பாதுகாப்பு வேண்டிக்கூடப் பொய்யை நடாத தங்கள் நெஞ்சுரத்தை, நிகரில்லா நேர்மையை, நாங்கள்...

இந்த இடத்தில் ஒட்டிலியா மடலை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டார். மீதி இரண்டு வரியை யாரும் வாசிக்கவில்லை.

இயக்குநர் எழுந்தார். கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "சாவியைத் தபால்ல அனுப்பச் சொல்லுங்க. நாளைக்கு எப்படியும் பூட்டை மாத்திடுவாங்க. அந்த வேலைக்கு இனி ஆள் போடப்போறதில்ல, அதையும் நானே அவர்கிட்ட சொல்லணும்னுதான் வந்தேன்," என்றார். வாசற்படியில் அவர் கால் வழுக்கியது, காஷ்பர் பிடித்துக்கொண்டார். அந்தப் படியில் வழுக்காதவர் ஊரில் யார்? தாங்கள் வேலைக்கு வந்த முதல் நாளே அதில் விழுந்து, உட்கார்ந்தபடியே சிரித்து, "இந்த ஊர்ல குடிக்கறதுக்கு முன்னாடியே விழணுமா?" என்று கேட்டீர்கள். அன்றுதான் ஊர் தங்களை ஏற்றுக்கொண்டது.

வண்டிச் சத்தம் அடங்கியதும் மடலைச் சட்டத்திலிருந்து கழற்றினோம். அதன் மறுபக்கத்தில் இதை எழுதுகிறோம். தாங்கள் கற்றுத்தந்தபடி இங்கே ஒரு சிவப்புக் கோடு போடுகிறோம். மேலே வாசித்தது நாங்கள் கட்டியது. கீழே வருவது இருப்பது.

————————————

வெண்டெலின் ஐயா, கோட்டுக்குக் கீழே "தாங்கள்" என்று எழுதக் கை வரவில்லை. நீங்கள் என்றே எழுதுகிறோம்.

மார்ச்சில் பனி உருகிய காலையில் மேலைச்சுவர் விழுந்தது. சன்னலோடு விழுந்தது. அப்போது நீங்கள் அழவில்லை. கோடை முழுவதும் சன்னல் கற்களைப் பொறுக்கி முற்றத்துப் புல்லில் வரிசையாக அடுக்கினீர்கள். நாங்களும் கூட இருந்தோம். அக்டோபரில் இடிபாட்டின் அடிவரை போனோம். அங்கே, சுவரோடு சேர்த்துக் கட்டிய ஒரு முட்டுச்சுவரின் அடி இருந்தது. வெளிப்பக்கம் சரிவாகச் சீவிய கற்கள். ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் தூண்டில் முள்ளைப் போல ஒரு கொத்தர் குறி, செதுக்கியவர் தன் கல் என்று வெட்டிய அடையாளம். கோட்டையில் வேறெங்கும் இல்லாத குறி.

நீங்கள் மண்வெட்டியைக் கீழே வைத்தீர்கள். அன்றிலிருந்து மலையை விட்டு இறங்கவில்லை. ரொட்டி கொண்டுவந்த சிரிலிடம் ஒரே ஒரு தடவை பேசினீர்கள்: "நான்தான்டா அதைத் தள்ளினேன்."

இப்போது முழங்கால் கட்டின் கதை. விழாவுக்காகக் காஷ்பர் வாசலைப் புதுசாக்கினார். வருடா வருடம் ஈஸ்டருக்கு வெள்ளையடித்து வெள்ளையடித்து அப்பிப்போயிருந்த சுண்ணாம்பை வாசற்படியிலிருந்து சுரண்டி எடுத்தார். நேற்று ஒட்டிலியாவும் சிரிலும் நீள மேசையை உள்ளே தூக்கி வந்தபோது ஒட்டிலியா வழுக்கி விழுந்தார். எழுந்திருக்காமல் தரையிலேயே கிடந்தார். அடிபட்டுவிட்டது என்று பயந்து சிரில் குனிந்தார்.

"என்னாச்சு? எலும்பு போயிடுச்சா?"

"எலும்பு இல்ல. இங்க பாரு, படியோட பக்கவாட்டுல."

தூண்டில் முள்.

வாசற்படி ஏன் சரிவாக இருக்கிறது என்று இந்த ஊரில் யாரும் கேட்டதே இல்லை. தேய்ந்துவிட்டது என்று நினைத்தோம். அது தேயவில்லை. முட்டுச்சுவரின் மேலிருந்து மழைநீரை வழியவிடச் சீவிய கல் அது. வாசலுக்குப் படியாகப் போட்டுவிட்டார்கள்.

இதை உங்களிடம் சொல்வதில்லை என்றுதான் நேற்று முடிவு செய்தோம். அதனால்தான் இன்று அந்தப் பாராட்டை வாசித்தோம். இயக்குநர் போன பிறகு, தான் சாய்ந்து நின்ற கடைச்சுவரைச் சிரில் கத்தியால் சுரண்ட ஆரம்பித்தார். காஷ்பர் தடுக்கவில்லை. அங்கேயும் ஒரு குறி. கணப்புக்கு மேலே ஒன்று. பொஹுமிலாவின் தலைக்குப் பின்னால் ஒன்று. நீங்கள் தேடிய முட்டுச்சுவருக்கு நடுவில்தான் உங்கள் விழாவை நடத்தியிருக்கிறோம்.

அப்புறம் சண்டை.

"சொல்ல வேணாம்," என்றார் ஒட்டிலியா. "அடிக்கல்லைப் பார்த்ததுக்கே இப்படி உட்கார்ந்திருக்காரு. இதையும் சொன்னா மனுஷன் செத்துடுவாரு."

"சொல்லலேன்னா, கோடு போடாம கட்டின மாதிரி ஆயிடும்," என்றார் சிரில்.

"பெரிய கோடு! இருபத்தொன்பது வருஷமா தினம் அது மேல கால் வெச்சு வந்திருக்காருடா. பீர் குடிக்க, ரொட்டி வாங்க, என் பையன் கல்யாணத்துக்கு. அந்தப் பொறியாளரைக் கூட்டிட்டு வந்து இங்கதான் சோறு போட்டாரு. அடையாளம் காட்டுன்னு அவன்கிட்ட சண்டை போட்டதே இந்த மேசையிலதான். அதை எப்படிடா எழுதுவ?" என்ற பொஹுமிலா தலையை மேசையில் வைத்துக்கொண்டார்.

காஷ்பர்தான் கடைசியில் சொன்னார்: "எங்க தாத்தாவோட தாத்தா கட்டின கடை இது. கல்லை இறக்கினது அவர். எழுதறதா இருந்தா அந்தப் பேரையும் சேர்த்து எழுதுங்க. மாத்தேய். அவர் பேர் மாத்தேய்."

எழுதிவிட்டோம். முட்டு இருந்தது. மாத்தேய்யும் அவர் அண்ணன் தம்பிகளும் எங்கள் எல்லோருடைய முன்னோரும் அதை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து கடை கட்டினார்கள், பன்றித் தொழுவம் கட்டினார்கள். வெளியே துருத்தி நின்ற கல் என்பதால் அதைத்தான் முதலில் பெயர்த்திருப்பார்கள். அன்றிலிருந்தே சுவர் விழத் தொடங்கிவிட்டது. நீங்கள் கேட்ட அடையாளம் உங்கள் காலடியில் இருந்தது. எங்கள் காலடியிலும் இருந்தது.

"நான்தான் தள்ளினேன்" என்றீர்கள். தள்ளியவர் நீங்கள் மட்டும் அல்ல. இதைச் சொல்வதில் உங்களுக்கு ஏதாவது ஆறுதல் இருக்குமா என்று ஒரு மணி நேரமாக யோசித்தோம். ஆறுதல் இல்லை. குற்றத்தை ஊரோடு பங்கு போட்டுக்கொண்டால் சுவர் எழுந்துவிடாது. நீங்கள் பொய் கட்டவில்லை. அந்தப் பொய்யைக் கட்டியிருந்தால் அது உண்மையாக இருந்திருக்கும். இதை எந்தச் சொல்லால் பாராட்டுவது என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை.

"படியைப் பெயர்த்து மேல கொண்டு போயிடலாமா?" என்று சிரில் கேட்டார். காஷ்பர் கடப்பாரை எடுத்து வந்தார். பிறகு இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். மேலே கொண்டுபோய் எதற்கு முட்டுக் கொடுப்பது? படி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

சன்னலை யாரும் மறுபடி நிறுத்தப்போவதில்லை. நீங்கள் புல்லில் அடுக்கிய கற்களைப் பனி மூடும். நாளை கதவில் புதுப் பூட்டு. உங்கள் நாற்காலிக்கு ஆள் கிடையாது. எங்கள் வேலையும் இந்த வருடக் கடைசியோடு போகிறது. இதில் எதையும் மாற்ற எங்களால் ஆகாது. மாறும் என்று எழுதினால் நீங்கள் நம்பவும் மாட்டீர்கள்.

மடலின் முடிவில் நோயற்று நீடு வாழ்க என்று வாழ்த்துவது முறை. விறகில்லாத அறையில், ஒரு கம்பளியோடு, சாப்பிடாமல் இருக்கும் ஒருவரை அப்படி வாழ்த்துவது வாழ்த்தாகாது. எனவே வாழ்த்தை எடுத்துவிட்டு அதன் இடத்தில் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். இறங்கி வாருங்கள். மன்னிப்பதற்கு வேண்டாம், தேறுவதற்கு வேண்டாம். எங்களோடு உட்கார வாருங்கள். நாங்களும் இங்கே சும்மாதான் உட்கார்ந்திருக்கிறோம். பொஹுமிலாவின் சால்வை உங்கள் நாற்காலியிலேயே கிடக்கிறது. சூப்பை மூன்றாம் தடவையாக அடுப்பில் ஏற்றியிருக்கிறோம்.

வரும்போது வாசலில் பார்த்து வாருங்கள். வழுக்கும்.

இப்படிக்கு,
ஹாவ்ரன் கோட்டைப் பணியாளர்கள்
பொஹுமிலா, ஒட்டிலியா, சிரில்
அவர்களோடு கடைக்காரர் காஷ்பர்

உறையின் பின்பக்கத்தில் எழுதியது:

ஐயா, உறையை ஒட்டிவிட்டோம். அரக்கு இல்லாததால், பார்வையாளர்களின் புத்தகங்களில் குத்தித் தரும் நம் கோட்டை முத்திரையை ஒட்டிய இடத்தில் பொஹுமிலா குத்தினார். நாளை அதையும் பெட்டியில் போட்டு அருங்காட்சியகத்துக்கு அனுப்பியாக வேண்டும். ரப்பர் தேய்ந்துபோனதால் ஹாவ்ரன் என்ற பெயர் விழவில்லை, சுவரும் விழவில்லை. நடுவிலிருக்கும் சன்னல் மட்டும் தெளிவாக விழுந்திருக்கிறது. மை காயட்டும் என்று சிரில் ஊதிக்கொண்டிருக்கிறார். பூட்ஸ் மாட்டியாயிற்று. இதோ, கொண்டு வருகிறார்.